ஊசியக்காவும் ஒரு சிட்டிகை மாவும்

பைண்டிங் கூடத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி என்பதால் அந்தப் பெயர் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். முப்பத்தேழு வயதில் முப்பத்தொன்பது கிலோ இருக்கிறவளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவள் இளைத்தது இரண்டு வருடமாகத்தான். பெயர் அதற்கு வெகு நாள் முன்பே வந்துவிட்டது. பாதி அவள் தையலுக்காக வந்தது, மீதி அவள் வாய்க்காக.

கூடம் ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருந்தது. ஏறுவதற்கு இரும்புப் படி. உள்ளே ஆறு நீள மேஜைகள், கோடியில் ஒரு வெட்டு மெஷின், பின்கட்டில் பசை காய்ச்சுகிற அடுப்பு. கம்ப்யூட்டர் வந்ததும் இந்தத் தொழில் போய்விடும் என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். போகவில்லை. கையெழுத்து போட வேண்டிய இடம் இருக்கிறவரைக்கும் பதிவேடு வேண்டும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் இங்கிருந்துதான் போயிற்று. மெல்லிய நோட்டுகளை மெஷின் தைத்துவிடும். எண்ணூறு பக்கப் பதிவேடு வந்தால் மட்டும் ஜன்னலோரத்து முதல் மேஜைக்கு அனுப்புவார்கள். அது ஊசியக்காவின் மேஜை. பதினேழு வருடமாக அவளுடையது.

எட்டுத் தாளை மடித்தால் ஒரு பாகம். அப்படி இருபத்தைந்து பாகங்களை எண்ணி அடுக்கி, முதுகில் நூல் கோத்துத் தைத்து, முன்னும் பின்னும் கெட்டித் தாளைப் பசை தடவி ஒட்டி, அட்டைக்குள் நுழைத்தால் ஒரு பதிவேடு. மற்ற மேஜைகளில் பசைக்குப் பிரஷ் இருந்தது. ஊசியக்காவுக்குப் பிரஷ் என்றாலே ஆகாது.

"பிரஷ்ஷுக்கு என்ன தெரியும், எங்க கம்மி எங்க ஜாஸ்தின்னு?" என்பாள்.

வலது கை ஆள்காட்டி விரலைக் கிண்ணத்தில் தொட்டு ஓர் இழுப்பு இழுப்பாள். தாளின் ஓரத்தில் நூல் கனத்துக்குக் கோடு விழும். ஒரு சொட்டு வெளியே பிதுங்காது. விரலை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டு அடுத்த பாகத்தை எண்ண ஆரம்பித்துவிடுவாள். அவள் வேகத்தைப் பார்க்கவென்றே சிலர் மேஜைப் பக்கம் வந்து நிற்பார்கள். "என்ன, டிக்கெட் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டு அவர்களைத் துரத்துவாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் வயிறு கெட்டது. முதலில் உப்புசம், பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறை ஏழு முறை கழிவறை. வாயில் புண். தலை சீவினால் சீப்பு நிறைய முடி. படி ஏறினால் மூச்சு வாங்கியது. இரும்புச் சத்து மாத்திரையை ஒரு வருடம் விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. கடைசியில் ஓர் இளம் டாக்டரம்மா ரத்தம் எடுத்து, குழாய் விட்டுக் குடலையும் பார்த்துவிட்டு, சீலியாக் நோய் என்றார்.

"இது அலர்ஜி இல்லக்கா. கோதுமைல குளூட்டன்னு ஒரு புரதம் இருக்கு. அது உள்ள போனா, எதிரி வந்துட்டான்னு நினைச்சு உங்க உடம்பு உங்க குடலையே போட்டு அடிக்குது."

"எவ்வளவு போனா அடிக்கும்?"

"ஒரு ரொட்டித் துணுக்கு போதும்."

"மருந்து?"

"மருந்து கிடையாது. சாப்பாடுதான் மருந்து. கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் ஆயுசுக்கும் கூடாது."

ஊசியக்கா இரண்டு நொடி யோசித்தாள். "சரி. விட்டாச்சு."

டாக்டரம்மா சிரித்தார். விடுவது சுலபம் என்று நினைக்கிறாளே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் ஊசியக்கா சொன்னபடி செய்தாள். அன்று மாலையே வீட்டுச் சமையலறையில் பாதியைக் கோடு போட்டுப் பிரித்தாள். தனி வாணலி, தனிக் கரண்டி, தனித் துடைக்கும் துணி. மரக்கரண்டியின் கீறலில் மாவு தங்கும் என்று படித்ததும் அவற்றை மூட்டை கட்டி வெளியே வைத்தாள். பெருங்காயத் தூளில் மாவு கலந்திருப்பதைப் பெட்டியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் கண்டுபிடித்த அன்று, ஏதோ திருடனைப் பிடித்தவள் மாதிரி வீடெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

அவள் நாத்தனார், கணவனின் தங்கை, அவர்களோடுதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேக் சுடுவாள். பறக்கிற மாவுகூட ஆகாது என்று தெரிந்ததும், மின் அடுப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போக வேண்டியதாயிற்று.

"அண்ணி என்னை நாடு கடத்திட்டாங்க," என்று தன் அண்ணனிடம் முறையிட்டாள்.

"பால்கனிதானே, காத்து வரும்," என்றான் அவன். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நடுவில் மாட்டிக்கொண்டால் பேசாமல் நிற்பதுதான் நல்லது என்று தொழிலில் கற்றுக்கொண்டவன்.

இவ்வளவும் செய்து, முதல் ஆறு மாதத்தில் உடம்பு கொஞ்சம் தேறியது. ரத்தப் பரிசோதனையில் பத்துக்குள் இருக்க வேண்டிய எண் நூற்று முப்பதில் தொடங்கி எண்பத்தைந்துக்கு இறங்கியது. இறங்கி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஒரு வருடம் ஆகியும் அசையவில்லை. வயிறும் பழையபடி ஆட்டம் போட்டது.

"அக்கா, எங்கேயோ உள்ள போகுது," என்றார் டாக்டரம்மா. "எப்பவாவது, ஆசைக்கு, கொஞ்சம்..."

"இல்ல."

"கோபப்படாதீங்க. நிறைய பேர் செய்றதுதான்."

"நான் செய்யல."

டாக்டரம்மா தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை. வீட்டிலும் அதே கதை. மகள் தின்றுவிட்டுப் போட்ட பிஸ்கட் உறை ஒன்று அவள் கைப்பையில் கிடந்தது. கணவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இது?" என்று மட்டும் கேட்டான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க பொண்ணைக் கேளுங்க." அவன் மகளைக் கேட்கவில்லை. உறையை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு வேலைக்குப் போனான். அந்த மௌனம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பாள்.

இது போதாதென்று முதலாளி ஒரு நாள் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா. போன மாசம் அஞ்சு நாள் லீவு. இந்த மாசம் பாதிகூட ஆகல, நாலு நாள். அடுத்த மாசம் ஆஸ்பத்திரி ஆர்டர் வருது. எல்லாம் கைத் தையல்."

"தெரியும் சார். முடிச்சுக் குடுப்பேன்."

"வந்தாத்தானே முடிப்பீங்க." அவர் பேனாவை மூடினார், திறந்தார். "சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. டாக்டர் வேண்டாம்னு சொன்னதைச் சாப்பிடாம இருந்தா நோவு ஏன் வருது? வாயைக் கட்ட முடியலன்னு கூடத்துல பேசிக்கிறாங்க."

"யாரு பேசிக்கிறாங்க?"

"அதை விடுங்க. ஆர்டர் வர்றதுக்குள்ள இது சரியாகலன்னா மேஜையை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீங்க கீழ பார்சல் கட்டுற இடத்துக்குப் போயிடுங்க. அங்க லீவு போட்டா ஒண்ணும் நின்னு போயிடாது."

ஊசியக்கா வெளியே வந்து தன் மேஜையில் உட்கார்ந்தாள். பார்சல் கட்டுவது கேவலமான வேலை என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் பொய் சொல்லி லீவு போடுகிறவள் என்ற பெயரோடு அந்தப் படியில் இறங்க முடியாது. இறங்கினால் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் இங்கேயும் மூன்று பேர் சந்தேகப்பட்டது உண்மையாகிவிடும். மேஜை போனால் அவள் வாக்கும் கூடவே போய்விடும். விட்டுக் கொடுப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள்.

வெட்டி எறிந்த தாள்களைப் பொறுக்கி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நோட்டு தைத்தாள். தன் வாய்க்குள் போகிற எதுவானாலும் அதில் எழுதுவது என்று வைத்துக்கொண்டாள். சோறு, காய், தண்ணீர், மாத்திரை, பல் தேய்க்கும் பசை, மகள் ஊட்டிவிட்ட ஒரு திராட்சை. பக்கத்துப் பத்தியில் வயிறு எப்படி என்று எழுதினாள். பதினான்கு நாள் இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில் ஒன்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வயிறு நல்ல பிள்ளையாக இருந்தது. திங்கள் மதியத்துக்கு மேல் ஆரம்பித்தது. புதன், வியாழனில் உச்சம்.

ஆக, வீடு இல்லை. கூடம்தான்.

கூடத்தில் அவள் தன் டப்பாவிலிருந்து சாப்பிட்டு, தன் பாட்டிலில் குடித்தாள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சந்தேகம்தான். வெட்டு மெஷின் ஓட்டுகிறவன். அவனுக்குப் பிளேடு என்று பெயர், அதற்குக் காரணம் மெஷின் மட்டும் இல்லை. அவன் கதை சொல்ல ஆரம்பித்தால் மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். தினம் பத்து மணிக்கு ஊசியக்காவின் மேஜைக் கோடியில் வந்து நின்று, ஜன்னல் காற்றில் ரொட்டி தின்பான்.

செவ்வாய்க்கிழமை அவன் ரொட்டியைப் பிரித்ததும் ஊசியக்கா ஊசியைக் கீழே வைத்தாள்.

"உன் மெஷின்கிட்ட போய்த் தின்னு."

"ஏங்க்கா, அங்க தூசி."

"உன் துணுக்கு என் மேஜைல விழுது. அதனாலதான் எனக்கு இந்தப் பாடு. நாலு பேர் முன்னாடி நான் திருட்டுத்தனமா திங்கிறவளாயிட்டேன், உன்னால."

பிளேடின் முகம் சுருங்கியது. மற்ற மேஜைகளில் கை நின்றது.

"என் ரொட்டி உங்களுக்கு என்ன பண்ணுச்சு? நான் நிக்கிறது அந்தக் கோடி, நீங்க உக்கார்றது இந்தக் கோடி. துணுக்குக்குக் காலா இருக்கு, நடந்து வர?"

"பின்ன எப்படி வருது? நீயே சொல்லு."

"சொல்றேன். நாளைக்குச் சொல்றேன்."

அவன் ரொட்டியைச் சுருட்டிக்கொண்டு போனான். கூடம் முழுக்க ஒரு சிரிப்பு ஓடியது. பிளேடுக்குச் சிரிப்பு வரவில்லை. கதை அறுப்பான் என்று சொன்னால் பொறுத்துக்கொள்வான். ஒருத்தியின் குடலை அறுத்தான் என்று சொன்னதை அவனால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையிலிருந்து, தாளை அடுக்கிக் கைப்பிடியை இழுத்து வெட்டி, அடுத்த கட்டு வருவதற்கு முன்னால் கிடைக்கிற இடைவெளியில் எல்லாம் ஊசியக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துப் பார்த்து ஒரு துண்டுத் தாளில் கோடு இழுத்தான். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அந்தத் தாளைக் கொண்டுவந்து அவள் மேஜையில் அடித்து வைத்தான்.

"நூத்தி முப்பத்தெட்டு."

"என்னடா அது?"

"நீங்க விரலை வாயில வச்ச கணக்கு. எட்டு மணிலேர்ந்து இப்ப வரைக்கும். மெஷின் ஓடாத நேரத்துல மட்டும் எண்ணினது. மொத்தமா எண்ணியிருந்தா முன்னூறு வரும்."

"நானா?"

"பின்ன நானா? தாள் எண்ணும்போது நாக்குல ஒரு தொடு. நூல் கோக்கும்போது நுனியை உதட்டுல ஒரு உருட்டு. என் ரொட்டி உங்க வாய்க்கு ஏறி வரலக்கா. வர்றதெல்லாம் உங்க விரல்தான்."

"விரல்ல என்ன இருக்கு? துடைச்சுட்டுத்தானே எண்ணுறேன். விரல்ல வெறும் பசைதான்..."

அவள் நிறுத்திக்கொண்டாள். வலது கை ஆள்காட்டி விரலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். நக இடுக்கில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

எழுந்து பின்கட்டுக்குப் போனாள். பிளேடு பின்னாலேயே போனான். அடுப்பின் மேல் அன்றைய பசைச் சட்டி ஆடை படிந்து ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூட்டை. வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் அந்த மூட்டையிலிருந்து அள்ளி, வெந்நீரில் கட்டி தட்டாமல் கிண்டியதே அவள்தான். பத்தொன்பது வருடமாக எல்லோரும் அதைப் பசை மூட்டை என்றே சொல்லிச் சொல்லி, அதன் மேல் அச்சடித்திருந்த எழுத்தை யாரும் வாசிப்பதே இல்லை. இப்போது அவள் குனிந்து வாசித்தாள்.

மைதா.

பெருங்காயப் பெட்டியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவள் அவள். வாய்க்குள் போகிற திராட்சையைக்கூட எழுதி வைத்தவள். தன் விரலை மட்டும் எழுதவில்லை. விரலைச் சாப்பாட்டுக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

"அக்கா," என்றான் பிளேடு, குரலை இறக்கி. "நான் ஜெயிச்சுட்டேன்ல?"

"ஜெயிச்சுட்டே," என்றாள். "இனிமே என் மேஜைலயே நின்னு தின்னு. துணுக்கு விழாம தின்னு."

அன்று மாலை டாக்டரம்மாவிடம் அந்தக் கோடு போட்ட தாளையே நீட்டினாள். அவர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நான் உங்களை நம்பியிருக்கணும்," என்றார்.

"ஆமா, நம்பியிருக்கணும்," என்றாள் ஊசியக்கா. பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அது பரவாயில்லை என்று விடக்கூடிய விஷயம் இல்லை.

தோல் வழியாக ஒன்றும் போகாது, வாய் வழியாகத்தான் போகும் என்று டாக்டரம்மா விளக்கினார். விரலை வாயில் வைக்காமல் இருக்க வேண்டும். கை கழுவ வேண்டும். காய்ந்த மாவு பறக்கிற இடத்திலும் நிற்கக் கூடாது. கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் பதினேழு வருடப் பழக்கம் நாக்குக்கும் விரலுக்கும் நடுவே ஒரு பாதை போட்டு வைத்திருந்தது. மறுநாள் அவள் தீர்மானமாக உட்கார்ந்து, மூன்றாவது பாகத்திலேயே விரலை நாக்குக்குக் கொண்டுபோனாள். எதிர் முனையிலிருந்து பிளேடு இருமினான். அடுத்த அரை மணியில் பதினொரு முறை இருமினான். பிறகு, வங்கிகளில் நோட்டு எண்ணுகிறவர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்னக் கிண்ணத்தில் ஈரப் பஞ்சு கொண்டுவந்து வைத்தான். "இருமி இருமி என் தொண்டை போச்சு," என்றான்.

பஞ்சு பாதி வேலைதான். கிண்ணத்தில் இருப்பது மைதாப் பசையாக இருக்கிற வரைக்கும் எப்போதாவது ஒரு விரல் தவறும். ஊசியக்கா கண்ணாடி அறைக்குப் போனாள்.

முழுவதையும் கேட்ட முதலாளி, "பசையைச் சாப்பிட்டீங்களா?" என்று சிரித்தார். சிரிப்பு நிற்க நேரமானது. "சரி, காரணம் தெரிஞ்சுபோச்சு. நல்லது. நாளைலேர்ந்து கீழ பார்சலுக்குப் போயிடுங்க. அங்க பசை இல்ல, டேப்தான்."

"நான் போக மாட்டேன் சார். பசைதான் போகணும்."

"எந்தப் பசை?"

"என் மேஜைல இருக்கிற பசை. மாவு இல்லாத பசை நான் காய்ச்சிக்கிறேன்."

"இருபத்தஞ்சு வருஷமா மைதாலதான் ஒட்டுறோம். ஆஸ்பத்திரில நாலு வருஷம் புரட்டுற புஸ்தகம். பிரிஞ்சு கையில வந்தா யாரு பதில் சொல்றது, உங்க குடலா?"

"ஒரு வாரம் குடுங்க. புஸ்தகம் பிரிஞ்சா நானே படி இறங்குறேன். பிரியலன்னா மேஜை என்னோடது. அப்புறம் யாரும் என்னைத் திருட்டுத் தீனிக்காரின்னு சொல்லக் கூடாது. நீங்களும்தான்."

முதலாளி அவளை ஏறிட்டுப் பார்த்தார். "ஒரு வாரம்," என்றார்.

முதலில் மக்காச்சோள மாவில் காய்ச்சினாள். பளபளவென்று வந்தது. தடவவும் சுகமாக இருந்தது. அதில் ஒரு பதிவேடு செய்து, இரண்டு நாள் காயவைத்து, எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் கொடுத்தாள். அவர் அட்டையைப் பிடித்து ஓர் உதறு உதறினார். அட்டை அவர் கையில் நின்றது, எண்ணூறு பக்கமும் ஒரே கட்டாகத் தரையில் கிடந்தது. முதுகில் காய்ந்த பசை கண்ணாடித் தூள் மாதிரி உதிர்ந்தது.

யாரோ பின்னால், "டேப் ஒட்டக் கத்துக்கோங்கக்கா," என்றார்கள்.

ஊசியக்கா குனிந்து அந்தக் கட்டை எடுத்தாள். "நூல் ஒண்ணுகூட அறுபடல, பாத்துக்கோங்க," என்றாள். "வாரம் இன்னும் முடியல."

வீட்டுக்கு வந்து பசைச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு அதையே முறைத்துக்கொண்டு நின்றாள். பால்கனியிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, சட்டியோட சண்டையா?"

"காஞ்சா உதிருது."

நாத்தனார் உள்ளே வந்து ஒரு துளி எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் பிரித்துப் பார்த்தாள். "இது மக்காச்சோளம். காஞ்சா இப்படித்தான் வெடிக்கும். கேக் மேல ஊத்துற பாகு கெட்டியாகுறதுக்கு நானும் போட்டுப் பாத்திருக்கேன். மரவள்ளி மாவு போடுங்க. அது சவ்வு மாதிரி இழுக்கும்." சொல்லிவிட்டு விரலைத் துணியில் துடைத்தாள். "அண்ணி, அந்த பிஸ்கட் உறையை உங்க பையில பாத்து அண்ணன்கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உங்கண்ணன் என் பையைத் திறக்குற ஆள் இல்ல. கரண்டியை எடு. கிண்டு."

மூன்று மாலை இருவரும் கிண்டினார்கள். வெறும் மரவள்ளிப் பசை ஈரத்தில் இளகியது. கடையில் விற்கிற வெள்ளைப் பசையில் மாவு இல்லை என்று டப்பாவில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு, அதை மூன்றில் ஒரு பங்கு சேர்த்தார்கள். முதல் தடவை கட்டி தட்டியது. அடுத்தது தாளைச் சுருக்கியது. ஐந்தாவது சட்டியில் சரியாக வந்தது. விரலால் இழுத்தால் நூல் கனத்துக் கோடு நின்றது. கணவன் வேலை முடிந்து வந்து, இருக்கிற இரண்டு நாற்காலியிலும் தாள் காய்வதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"நான் ஏதாவது பண்ணணுமா?" என்று கேட்டான்.

"பண்ணணும். என்கிட்ட 'இது?'ன்னு கேட்டீங்களே, அதுக்கு மன்னிப்பு கேளுங்க. தங்கச்சி முன்னாடியே கேளுங்க."

அவன் தங்கையைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். "தப்புதான். நான் பொண்ணைக் கேட்டிருக்கணும். உன்னைக் கேட்டிருக்கவே கூடாது," என்றான். ஊசியக்கா தலையசைத்து, அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்து ஓரத்தை அழுத்திப் பிடிக்கச் சொன்னாள்.

ஏழாவது நாள் புதுப் பதிவேடு முதலாளி கைக்குப் போனது. உதறினார். நின்றது. நடுவில் விரித்து முதுகை அழுத்தினார். வெடிக்கவில்லை. அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், இரும்புப் படியில் உருட்டிவிட்டார். இருபத்திரண்டு படியும் தடதடவென்று இறங்கி, கீழே பார்சல் கட்டுகிறவர்களின் காலடியில் போய் விழுந்தது. பிளேடு ஓடிப்போய் எடுத்து வந்தான். அட்டையின் மூலை நசுங்கியிருந்தது. முதுகு கல்லு மாதிரி இருந்தது.

"மைதால ஒட்டினது ஒண்ணையும் உருட்டுங்க சார்," என்றாள் ஊசியக்கா. "எனக்கு மட்டும் எதுக்குத் தனிப் பரீட்சை?"

அதையும் உருட்டினார்கள். அதுவும் பிழைத்து வந்தது. முதலாளி இரண்டையும் இரண்டு கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"சரி. உங்க மேஜைல உங்க பசை. மைதா அடுப்பைக் கீழ ஷெட்டுக்கு இறக்கச் சொல்றேன், தூசி வராது." பிறகு நிமிர்ந்தார். "இனிமே லீவு இருக்காதுல்ல?"

கூடத்தில் எல்லோரும் அவள் தலையாட்டுவாள் என்று எதிர்பார்த்தார்கள். ஆட்டியிருந்தால் விஷயம் அன்றோடு இனிமையாக முடிந்திருக்கும்.

"இருக்கும் சார்," என்றாள். "குறையும், ஆனா இருக்கும். வெளில எங்கயாவது ஒரு கரண்டி மாறும், ஒரு கை மாறும். எனக்குத் தெரியாமலே உள்ள போகும். அன்னிக்கு நான் எழுந்திரிக்க முடியாம கிடப்பேன். லீவு கேப்பேன். நீங்க, ஏன், என்ன தின்னேன்னு கேக்கக் கூடாது."

"கேக்காம எப்படிம்மா?"

"இந்தப் புஸ்தகத்தை நம்பினீங்கல்ல. அப்படித்தான்."

அவர் இரண்டு பதிவேட்டையும் அவள் மேஜையில் வைத்தார். கண்ணாடி அறைக்குள் போய்விட்டார். ஊசியக்கா தன் மேஜைக்குப் போய் ஆஸ்பத்திரி ஆர்டரின் முதல் கட்டை அவிழ்த்தாள்.

நான்கு மாதம் கழித்து எடுத்த ரத்தத்தில் எண் முப்பத்திரண்டுக்கு வந்திருந்தது. எடை நாலு கிலோ ஏறியது. ஆர்டர் இரண்டு நாள் முன்னதாகவே முடிந்து போயிற்று. பிளேடு இருமுவதை நிறுத்தியிருந்தான்.

அதற்கடுத்த மாதம் மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம். கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். ஊசியக்கா கேக்கைத் தொடவில்லை, பக்கத்துத் தட்டிலிருந்த ஆப்பிள் துண்டு ஒன்றை மட்டும் எடுத்துத் தின்றாள். தின்று முடித்த பிறகுதான், கேக் வெட்டிய அதே கத்தியால் பழத்தையும் வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். மறுநாள் விடிந்தபோது கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடுவே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. எட்டு மணிக்கு முதலாளிக்குப் போன் போட்டாள்.

"சார், இன்னிக்கு வர முடியாது. உள்ள போயிடுச்சு."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுப்பு கேட்டது. ஏதோ கேட்க வாயெடுத்தவர் அதை விழுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. தூரத்தில் வெட்டு மெஷின் ஒரு தாள்கட்டை வெட்டியது.

"எத்தனை நாள் ஆகும்?"

"தெரியாது சார். ரெண்டு ஆகலாம், மூணு ஆகலாம்."

"சரி. மேஜையை மூடி வைக்கச் சொல்றேன். யாரும் கை வைக்க மாட்டாங்க."

அவள் நன்றி சொல்லவில்லை. உடம்பு சரியில்லாததற்கு எடுக்கிற லீவுக்கு நன்றி எதற்கு? போனை வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு படுத்தாள்.